வெண்ணெய் தடவ வருமா?

பக்கவாதம் வந்தவர் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறாரா என்று கணக்கிட, உலகெங்கும் மருத்துவமனைகளில் புழங்கும் ஒரு படிவம் உண்டு. பார்தெல் அளவுகோல் என்பார்கள். 1965இல் அமெரிக்காவில் வெளியானது. பத்து வரி, நூறு மதிப்பெண். சாப்பாட்டு வரியில், உணவை வெட்டவோ வெண்ணெய் தடவவோ துணை வேண்டியிருந்தால் பாதி மதிப்பெண்தான்.

கிள்ளானில் சோறு பிசைந்து சாப்பிடும் நம் வீட்டுப் பெரியவருக்கு வெண்ணெய் எதற்கு? வலக்கை விழுந்துவிட்டால் அவர் கவலை வேறு: இடக்கையால் சோற்றைத் தொடுவதா? கரண்டி கொடுத்துப் பழக்கினால் மதிப்பெண் ஏறும். கல்யாணப் பந்திக்கு மட்டும் வரமாட்டார்.

இப்படிப் பழக்கும் வைத்தியத்துக்கு மலாயில் 'பெமுலிஹான் சாரா கெர்ஜா' என்று பெயர். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை எனலாம். தொழில் என்றால் சம்பள வேலை இல்லை. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கோயிலுக்குப் போவது என்று ஒருவரின் பொழுதை நிரப்பும் எல்லாமும். நோயோ விபத்தோ பறித்த அந்த வேலைகளை மீட்டுத் தருவதே சிகிச்சை. 1917இல் அமெரிக்காவில் இதற்கென ஒரு சங்கம் அமைந்தது. 'யார் உதவியும் இல்லாமல்' என்பதே பெரும்பாலும் இதன் இலக்கு. கனடாவின் கேரன் வாலி ஹாமெல் போன்றவர்கள் இதைத்தான் கேள்வி கேட்கிறார்கள்: தற்சார்பு மேற்கத்திய நடுத்தர வர்க்கத்தின் ஆசை, அதை ஏன் எல்லோர்மீதும் சுமத்த வேண்டும்? தானே குளிக்க முடிந்தாலும் மகன் வெந்நீர் ஊற்றட்டும் என்று காத்திருக்கும் அப்பாக்களை நமக்குத் தெரியாதா?

நம் ஊரில் இந்தக் கேள்வி முதலில் போய் நிற்க வேண்டிய இடம் பழங்குடி மக்களான ஒராங் அஸ்லியின் கிராமங்கள். கிள்ளானுக்குத் தெற்கே பூலாவ் கேரியில் மா மெரி மக்கள் வாழ்கிறார்கள். ஆண்கள் ஞிரே பத்து மரத்தில் முகமூடி செதுக்குவார்கள். பெண்கள் பாண்டான் ஓலையின் முள்ளைச் சீவி, கீறி, காயவைத்து முடைவார்கள். ஹாரி மோயாங் நாளில் மூதாதையரை அழைக்க ஓலையை மடித்து அலங்காரம் செய்வார்கள். கடற்கரையில் நடக்கும் சடங்கின் பெயர் பூஜா பந்தாய். காதில் விழுந்தால் நமக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை.

சிகிச்சையறையில் அதே ஓலையைக் கையில் கொடுத்தால் அது விரல் பயிற்சி. கூடை முடைவது இந்தத் துறையின் மிகப் பழைய உத்தி, பழைய கேலியும்கூட. கிராமத்திலோ அது மூதாதையருக்குச் செய்யும் கடமையில் ஒரு பங்கு. விரல் வளையாத கிழவி ஓலை முடையாமல் பேத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 'இப்படி மடி' என்று சொன்னால் போதுமா, போதாதா? அதை முடிவு செய்ய வேண்டியது அவளும் அவள் வீட்டாரும் ஊர்த் தலைவர் பாத்தினும். கூட்டாக வேலை செய்வது என்றால், படிவத்தோடு போகாமல் அங்கே உட்கார்ந்து அந்தப் படிவத்தையே எழுதுவது.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. கோம்பாக் ஒராங் அஸ்லி மருத்துவமனை மலாயா அவசரகாலத்தில் பிறந்தது. காட்டு மக்கள் கம்யூனிஸ்டுகள் பக்கம் சாயாமல் இருக்க வேண்டும் என்பது ஆட்சியின் கணக்கு. ஆனால் 1960களில் டாக்டர் மால்கம் போல்டன் காலத்தில் நோயாளியோடு குடும்பமும் வந்து தங்கியது, ஒராங் அஸ்லி இளைஞர்களே பயிற்சி பெற்று ஊழியரானார்கள். கணக்கு யாருடையதாக இருந்தாலும், வழி சரியானது.

இவ்வளவும் நிலம் இருந்தால்தான். சதுப்புக் காடு போனால் செதுக்க மரம் ஏது? 1995இல் டெங்கில் அருகே புக்கிட் தம்போயில், விமான நிலைய நெடுஞ்சாலைக்காகத் தெமுவான் என்னும் ஒராங் அஸ்லி மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் பயிருக்கும் பழமரங்களுக்கும் மட்டும் பணம் கொடுத்தார்கள். சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். நிலமும் அவர்களுடையதுதான் என்று 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் சொன்னது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பு அதை உறுதிசெய்தது. அதற்குள் அந்தப் பழமரங்கள் இருந்த இடத்தில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன.