உரைத்திருத்தியில் சொல் நிறைவும் தேர்வும்

எழுதுவோர் ஒரு சொல்லின் தொடக்கத்தை மட்டும் தட்ட, எஞ்சியதைக் கணிப்பொறி தானே நிரப்புதலை நிறைவு என்றும், பொருந்தும் சொற்கள் பலவாயின் அவற்றை நிரலாகக் காட்டி ஒன்றைக் கொள்ளச் செய்தலைத் தேர்வு என்றும் இக்கட்டுரையில் குறிக்கின்றோம். சுவடிப் பதிப்பும் அகராதிப் பணியும் இன்று கணிப்பொறியில் நடைபெறுதலின், இவ்விரண்டின் அமைப்பும் தமிழாய்வாளர் கருத்திற் கொள்ளத் தக்கதே. ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் தோன்றிய இது, 1985இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட குனூ ஈமாக்ஸாகப் பரவி, இன்றும் வளர்ந்து வருகின்றது.

இதன்கண் கோப்பின் பெயரையோ கட்டளையையோ திரையின் அடியிலுள்ள வரியில் தட்டி டேப் விசையை அழுத்தினால், பொருந்துவது ஒன்றாயின் அது முழுதும் நிரம்பும். பலவாயின், அவை அனைத்திற்கும் பொதுவான தொடக்கம் எதுவரை செல்லுமோ அதுவரை நிரம்பும். அதற்குமேல் நிரப்ப ஒன்றும் இல்லையாயின் பட்டியல் தோன்றும். பொருந்துவனவற்றுள் எதனைக் கொள்வது என்பதைப் பொறி முடிவு செய்யாது, ஐயமற்ற பகுதியை மட்டும் தருதலே இம்முறையின் சிறப்பு. ஆங்கில எழுத்துக்கு இது பழுதின்றிப் பொருந்தும். தமிழுக்கோ ‘ஐயமற்ற பகுதி’ எது என்பதே ஐயமாகின்றது.

பாடல், பாடி என்னும் பெயருடைய இரு கோப்புகள் உள்ளன என்று கொள்க. ‘பா’ என்று தட்டி டேப் விசையை அழுத்தின் திரையில் ‘பாட’ என்பது நிற்கும். யூனிகோடு முறையில் டகரத்துக்கு ஒரு குறியும், அதன் மேலேறும் இகரத்துக்கு வேறொரு குறியும் உண்மையின், ‘டி’ என்பது டகரமும் இகரக் குறியுமாய் இரண்டாகிறது. பொறி குறிகளை ஒப்பிடுகின்றதேயன்றி எழுத்துகளை ஒப்பிடுவதில்லை. நெடுங்கணக்கின்படி ‘ட’ வேறு, ‘டி’ வேறு. ஆகவே இரு சொற்கும் பொதுவாவது ‘பா’ ஒன்றே. ஒலி நோக்கில் காணின், மெய்யின் பின்னே உயிர் தோன்றும் என்னும் தொல்காப்பியர் கொள்கைக்கிணங்க ‘பாட்’ என்பதே பொதுவாகும். பொறி தந்த ‘பாட’ என்பதோ இவ்விரண்டும் அன்று. பொதுப்பகுதியில் இல்லாத ஓர் அகரத்தை அது சேர்த்துவிட்டது. அதனினும் கொடிது, அவ்வாறு பிறந்த வடிவம் தமிழில் பொருளுடைய வினையெச்சமாக நிற்றல். பொருளற்ற சிதைவாயின் கண் உடனே காணும்; பொருளுள்ள சொல்லைக் கண் ஐயுறாது கடந்துவிடும்.

ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளில் இச்சிக்கல் மிகுகின்றது. ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒப்புடையன என்று யூனிகோடு கூறும். ஆயினும் குறிகளை உள்ளவாறே ஒப்பிடும் நிரலில், கொடி, கெடு என்னும் இரண்டன் பொதுப்பகுதி முதல் முறையில் ‘க’ என்றும், இரண்டாம் முறையில் ‘கெ’ என்றும் வரும். திரையிற் காண்பார்க்கு வேற்றுமை புலப்படாது. ஒப்பிடுமுன் எல்லாவற்றையும் ஒரே வடிவாக்குதல் இன்றியமையாதது.

இனி, குறிகளை ஒப்பிடுதல் முற்றும் கேடு என்றும் கூறுதற்கில்லை. ‘வீட’ என்று தட்டியவர்க்கு வீடு, வீட்டை, வீட்டிற்கு என்பன யாவும் கிடைக்கும். எழுத்தளவில் ஒப்பிட்டால் இவற்றுள் ஒன்றும் கிடைக்காது. 2020இல் வெளிவந்த 27ஆம் பதிப்பு, தட்டிய குறிகள் இடைவிட்டு வரினும் வரிசை பிறழாதிருந்தால் போதும் என்னும் ஒரு பொருத்த முறையைச் சேர்த்தது. அதனை மேற்கொள்வார்க்கு ‘தகபயம’ என்று தட்டவே தொல்காப்பியம் தோன்றும். புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியாக நிற்பதனால் தமிழுக்கு வாய்த்த எதிர்பாராத வசதி இது! ஆதலின் தேடும்போது நெகிழ்ச்சியும், உரையில் எழுதும்போது கண்டிப்பும் வேண்டும் என்பது நம் கருத்து. பட்டியலில் பாடியும் பாட்டும் ஒருங்கே வரலாம். எழுதும் வரியில் ‘பா’ என்பதற்கு அப்பால் ஒன்றும் நிரம்புதல் கூடாது.

தேர்வின்கண் நோக்கத்தக்கது, என்டர் விசை எதனை ஏற்கும் என்பது. 2007இல் 22ஆம் பதிப்பில் சேர்ந்த ஐடோ என்னும் பகுதி, தட்டத் தட்டப் பட்டியலைக் குறைத்துக் காட்டி, முதலில் நிற்பதை என்டரால் கொள்ளும். விரைவு மிகுதி, ஆயின் பட்டியலில் இல்லாத புதுப்பெயரை இடுவார் கண்ட்ரோல் விசையுடன் வேறொரு விசையை நாட வேண்டும். ஈமாக்ஸின் இயல்பான முறையிலோ, டேப் அழுத்திய உடனே என்டர் அழுத்திப் புதுக்கோப்பைத் திறக்க முயன்றால், உறுதிப்படுத்துமாறு பொறி ஒருமுறை கேட்கும். அரைகுறையாக நிரம்பியதை முழுச்சொல்லென்று மயங்குவர் என்பதை முன்னுணர்ந்த ஏற்பாடு இது. மேற்கூறிய ‘பாட’ என்பதற்கு ஓரளவு காப்பும் ஆகின்றது.

கோப்பின் பெயரில் அன்றி உரையிலேயே நிறைவு செய்யும்போது அக்காப்பு இல்லை. ஆங்கு ஈமாக்ஸ், எழுதும் இடத்திற்கு முன் அண்மையில் வந்த சொல்லையே முதலில் எடுத்து நிரப்பும். சுவடியில் ‘உழாஅர்’ என்றிருக்க, சற்று முன் உரைப்பகுதியில் ‘உழார்’ என்று எழுதியிருந்தால், ‘உழா’ என்று தட்டிய அளவில் பின்னதே வந்து நிற்கும். அளபெடை போய், ஓர் அசை குறைந்து, தளையும் கெடும். ஏடெழுதுவோர் அருஞ்சொல்லைத் தம் பழக்கத்தால் எளிய சொல்லாக்கிய கதையை நாம் அறிவோம். இங்கு அப்பழக்கம் பொறியினுடையது. மேலும், ஒருமுறை புகுந்த பிழைவடிவம் அடுத்த முறை தானே முதற்கண் வரும். மூலபாடத்தைப் பெயர்த்தெழுதுங்கால் இவ்வசதியை அணைத்துவிடுதலே தக்கது. முன்னுரையும் குறிப்புரையும் எழுதுவார் அதனைத் தடையின்றிக் கொள்ளலாம்.