தைத்தவர் உயிரும் வாங்குவோர் பொறுப்பும்

2013-ம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி, வங்க தேசத்தில் டாக்காவை அடுத்த ஸவாரில் ராணா பிளாஸா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்து 1,100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முதல் நாளே கட்டடத்தில் வெடிப்புக் கண்டு, கீழேயிருந்த பாங்கி மூடிவிட்டது. மேல் மாடிகளில் ஆடை தைத்த தொழிலாளர்களையோ மறுநாள் வேலைக்கு வரும்படி நிர்ப்பந்தித்தார்கள்.

அவ்வாடைகளை வாங்கிய மேல்நாட்டுக் கம்பெனிகளிடம் நன்னடத்தை விதிகளுக்குப் பஞ்சமில்லை. பரிசோதகர்களும் வந்து போயினர். கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது தம் வேலையன்றென விட்டனர். தானே எழுதித் தானே கிழிக்கக்கூடிய வாக்குறுதியை எந்தக் கோர்ட்டும் பத்திரமென்று ஏற்காது.

அவ்வருஷமே தொழிற்சங்கங்களுடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 200-க்கு மேற்பட்ட கம்பெனிகள் அதில் கையொப்பமிட்டன. மீறுவோரை மத்தியஸ்தத்துக்கு இழுக்கலாமென்பதே அதன் உயிரான ஷரத்து. அது வெறும் மிரட்டலன்று. ஹேக் நகரில் 2016-ல் சங்கங்கள் தொடுத்த வழக்கொன்றில், ஒரு கம்பெனி 23 லட்சம் டாலர் கொடுக்க இசைந்து ராஜியாயிற்று.

நம் திண்டுக்கல்லிலும் 2022-ல், பெண் தொழிலாளரை மேற்பார்வையாளரின் அத்துமீறல்களினின்றும் காக்க, சங்கமும் முதலாளியும் அந்நியக் கம்பெனிகளும் இவ்வாறே எழுத்து மூலம் கட்டுப்பட்டனர். திருப்பூரின் ஏற்றுமதி வியாபாரம் முழுவதற்கும் அது ஏன் ஆகாதென்று சம்பந்தப்பட்டோரை நாம் கேட்கிறோம்.