நிற்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்

வாங்குவோர் தேசம் – 11

காஞ்சிபுரத்தில் பழைய பாணிப் பட்டுக்கடைக்குள் நுழைந்தால், செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் உட்காரச் சொல்வார்கள். எதிரே விற்பவரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். புடவையை நம் மடியில் விழும்படி விரித்து, முந்தானையைத் திருப்பிக் காட்டி, ஜரிகைக்குச் சத்தியம் செய்வார். ஐம்பதாயிரம் ரூபாய்ப் புடவையை இப்படி உட்கார்ந்தபடியே விற்றுவிடுகிறார்கள். எழுபது கிலோமீட்டர் தள்ளி, தியாகராய நகரில் அறுநூறு ரூபாய்ச் சுடிதாரை விற்கும் பெண் மட்டும் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும். நின்றால்தான் ஜவுளி வியாபாரம் ஓடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் காஞ்சிபுரம்தான் ஞாபகம் வரும்.

சென்ற வாரம் சாஷே என்ற சின்னப் பாக்கெட்டைப் பார்த்தோம். கடலூரில் சின்னி கிருஷ்ணன் போட்ட பிள்ளையார் சுழி, ஷாம்பூவைக் கூலிக்காரர் வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது. பொருள் எல்லோர் கைக்கும் எட்டிவிட்டால் மேல் கீழ் என்பது தானாக மங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவின் அடுக்குமாடிக் கடைகள் அந்த நம்பிக்கைக்குச் சாட்சி சொல்வதுபோலத்தான் இருக்கும். அங்கே உங்களை எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் விசாரிப்பதில்லை. விலை அட்டையில் இருப்பதுதான் விலை. அது கலெக்டர் வீட்டம்மாவுக்கும் ஒன்றுதான், அவர் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் ஒன்றுதான். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. டீக்கடையில் தனிக்குவளை வாங்கிய தாத்தாவின் பேத்தி, கேட்ட துணியையெல்லாம் எடுத்துப் போடச் சொல்லிவிட்டு, பிடிக்கவில்லை என்று எழுந்து வர முடிகிற இடம் அது.

அவள் முன்னால் நிற்பது யார் என்பதுதான் சங்கடமான கேள்வி. பெரும்பாலும் அவளைப் போலவே ஒருத்தி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, தங்க இடமும் சாப்பாடும் உண்டு என்ற பேச்சை நம்பி வந்தவள். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-இல் இந்த வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் அந்தத் தீபாவளிக்கும் அதே தெருவில்தான் துணி எடுத்தார்கள்.

நம் ஊரில் யார் உட்காரலாம், யார் எதிரில் உட்காரக் கூடாது என்பது வெறும் கால்வலி சமாச்சாரம் அல்ல. பண்ணையார் திண்ணைக்கு முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவர்களின் கதை பழையதாகிவிட்டது என்று சொல்வதற்கும் இல்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியலினத்தைச் சேர்ந்த தலைவரைத் தரையில் உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய படம் வெளியானது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பெரிய கடை இந்தப் பழக்கத்தை ஒழிக்கவில்லை. சில்லறை விற்பனைக்கு விட்டது. பிறப்பால் சிலருக்கு மட்டும் கிடைத்துவந்த அந்த மரியாதை, இப்போது பில் போடுகிற எவருக்கும் அரைமணி நேரத்துக்குக் கிடைக்கிறது. ஃப்ளோர் சூப்பர்வைசருக்கு அது நன்றாகத் தெரியும். கஸ்டமர் இல்லாத மத்தியான வேளையிலும் அவர் யாரையும் உட்கார விடாததற்குக் காரணம் அதுதான். எந்த நேரத்தில் யார் ஏறி வந்தாலும், தமக்காக ஒருத்தி நின்று காத்திருந்ததாக அவர்களுக்குத் தோன்ற வேண்டும்.

இது தமிழ்நாட்டின் தனிக் கண்டுபிடிப்பும் அல்ல. பாரிஸில் போன் மார்ஷே என்ற கடையில் 1852-இல் பங்குதாரராகச் சேர்ந்த அரிஸ்டீட் பூசிகோ, நிலையான விலை, யாரும் தயங்காமல் உள்ளே வந்து பார்க்கலாம் என்ற முறைகளால் அதைப் பேரங்காடியாக வளர்த்தார். அப்படிப்பட்ட கடையை வைத்து எமிலி ஜோலா 1883-இல் நாவலே எழுதினார். கடைப்பெண்களின் களைத்துப்போன கால்களும் அதில் உண்டு. பிரிட்டனில் 1899-இல் சட்டம் வந்தது: மூன்று கடைப்பெண்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும். அடுத்த ஆண்டே பிரான்ஸ் இன்னும் ஒருபடி மேலே போய், எத்தனை பெண்களோ அத்தனை இருக்கை என்றது. இன்றைக்கு ஜெர்மனியின் ஆல்டி சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுபவர் உட்கார்ந்துதான் போடுகிறார். வியாபாரம் படுத்துவிடவில்லை.

நம் பக்கம் இதைத் தொடங்கிவைத்தது கோழிக்கோடு. அங்கே மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டினார்கள். தையல்காரரான விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கி முதலில் கழிப்பறைக்கும் பிறகு உட்காரும் உரிமைக்கும் போராடினார். 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில், தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்காருவதற்கு எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி வேண்டும் என்கிறது அது. பெண்கள் மட்டும் என்று சொல்லாமல் எல்லோருக்கும் என்று சொன்னது நல்ல விஷயம். ஆண்களுக்கும் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளத்தான் செய்கிறது.

ஆனால் பிரிட்டனும் பிரான்ஸும் நூற்றிருபது வருடத்துக்கு முன்பே எண்ணிக்கை சொல்லிவிட்டன. நம் சட்டம் எண்ணிக்கையைத் தொடவில்லை. எத்தனை ஸ்டூல் தகுந்தது, எந்த நிமிடம் வாய்ப்பு என்பதை முடிவு செய்வது நடைமுறையில் சூப்பர்வைசர்தான். கவுன்ட்டருக்கு அடியில் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்து, அதன்மேல் பிரிக்காத துணிக்கட்டு ஏறியிருந்தாலும் ஆய்வுக்கு வருகிறவருக்குக் காட்ட அது போதும். சட்டத்தைச் சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிற பெண்ணுக்கு ராத்திரி தூங்கும் இடமும் மறுநாள் சாப்பாடும் அதே முதலாளி தருவது. வேலை போனால் விடுதியும் போகும். நெல்லைக்கு ரயில் ஏற வேண்டியதுதான். அந்தத் தெருவில் வலுவான சங்கம் ஒன்று இருந்திருந்தால் அவளுக்காக அது பேசியிருக்கும்.

மிச்சம் இருப்பது வாங்குகிற நாம். ‘கஸ்டமர் தப்பா நினைப்பாங்க’ என்பதுதான் நிர்வாகத்தின் நிரந்தரப் பதில். நம் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பெண்ணை நிறுத்திவைத்திருக்கிறார்கள். ‘நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கிறேன்’ என்று நாம் ஒருவர் சொன்னால் அவள் பதறிப்போய் சூப்பர்வைசர் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். நம் கருணையால் அவளுக்குத்தான் திட்டு விழும். பில் கவுன்ட்டர் அருகே பல கடைகள் ஒரு புகார்ப் புத்தகம் வைத்திருக்கின்றன. அதில் துணி சாயம் போனதை எழுதுகிற நாம், ஊழியருக்கு இருக்கை இல்லை என்றும் பெயர் போட்டு எழுதலாம். நிர்வாகம் பயப்படுவது வாடிக்கையாளரின் புகாருக்கு மட்டும்தான்.

(தொடரும்)