மணமான பின் வரும் மனச்சிதைவு: மூளையும் சட்டமும்

இல்லாத குரல் காதில் கேட்பது, யாரோ தனக்குத் தீங்கு சூழ்வதாக அசையாமல் நம்புவது, பேச்சு கோர்வை இழப்பது ஆகியவற்றால் அறியப்படும் மனச்சிதைவு நோய், ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் தலைகாட்டுகிறது. பெண்களுக்கோ சராசரியாகச் சில ஆண்டுகள் பிந்தி வருகிறது, மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி மீண்டும் ஒரு சிறு ஏற்றமும் காணப்படுகிறது. மூளை நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்னும் வேதிப்பொருளின் மிகைச் செயல்பாட்டை, பெண்களின் உடலில் மிகுந்துள்ள ஈஸ்ட்ரோஜன் இயக்குநீர் ஓரளவு தணிக்கிறது என்பதே இதற்குக் கூறப்படும் முதன்மையான விளக்கம். அந்த இயக்குநீர் சட்டெனக் குறையும் பேறுகாலத்துக்குப் பிந்தைய வாரங்களில் நோய் மீளும் அபாயம் கூடுவதும் இதனோடு பொருந்துகிறது. இவையெல்லாம் சராசரிகளே, ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து ஒருவருக்கு இந்நோய் உண்டு என்று எந்த மருத்துவரும் கூறிவிட முடியாது.

பிந்தி வருவது நன்மையாகத் தோன்றலாம். ஆனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் அந்த வயதுக்குள் பெண்ணுக்குப் பெரும்பாலும் திருமணமாகி, கையில் குழந்தையும் இருக்கும். மந்திரித்துத் தாயத்துக் கட்டுவதில் மாதங்கள் கழிந்தபின், ‘தெரிந்தே மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள்’ என்ற பழி பெண் வீட்டார்மீது விழுகிறது. மணநாளில் தலைகாட்டியிராத நோயை மறைப்பது எங்ஙனம்? 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணமுறிவுக்கான காரணங்களில் மனச்சிதைவையும் குறிப்பிடுகிறது என்பது உண்மையே; எனினும் ராம் நாராயண் குப்தா வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம், நோயின் பெயர் மட்டும் போதாது, சேர்ந்து வாழ்வதை நியாயமாக எதிர்பார்க்க இயலாத அளவுக்கு அது கடுமையாக இருக்க வேண்டும் என்று தெளிவுபடுத்தியது.

சிகிச்சையிலும் வேறுபாடு உண்டு. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் புரோலாக்டின் என்னும் இயக்குநீரின் சுரப்பை உயர்த்தி மாதவிடாயை நிறுத்தக்கூடும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று மருந்து கிடைக்கும். பீடி, சிகரெட் புகைப்பவர்களின் இரத்தத்தில் ஓலன்சபின், குளோசபின் ஆகிய மருந்துகளின் அளவு குறைந்துவிடுவதால், ஆண்களிடம் இதைக் கேட்டறிவது அவசியம்.

ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்டு 6 அன்று சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் அனுமதிக்கவில்லை. மனநல நிலையத்தில் தங்கிச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்றும் அது கூறுகிறது. டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையின் தொலைபேசி எண் 14416இல் எந்நேரமும் இலவச ஆலோசனை பெறலாம். மணமுறிவு அறிவிப்பு வந்தால் வெற்றுத்தாளில் கையெழுத்திடாமல், ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பின்றி வழக்கறிஞர் உதவி இலவசம்.