அந்நிய தேசத்துச் சிறையில் நம் பிள்ளை

வெளிநாட்டில் நம்மவர் ஒருவர் ஜெயிலில் அடைபட்டார் என்று செய்தி வந்தால் போதும், நம் வீட்டுத் திண்ணைகளில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "போன இடத்தில் ஒழுங்காக இருக்க வேண்டியதுதானே? செய்தவன் அனுபவிக்கட்டும்" என்பது ஒரு கட்சி. "நம்ம கவர்மெண்ட் என்னதான் பண்ணுது? மந்திரி ஒரு போன் போட்டால் விட்டுட மாட்டாங்களா?" என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. இரண்டிலும் பெரிய ஓட்டையும் உண்டு.

இதெல்லாம் ஆண்கள் பேசுகிற விஷயம் என்று சகோதரிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பிரயாணம் கிளம்புகிறவருக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் நாம். மகளின் பிரசவத்துக்கென்று துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் மூட்டை முடிச்சோடு போகிறவர்களும் நாம்தான். 2025-ஆம் வருஷம் நம் பாராளுமன்றத்தில் அரசு கொடுத்த கணக்குப்படி, வெளிநாட்டுச் சிறைகளில் இருந்த இந்தியர்கள் 10,000 பேருக்கும் மேல். விசாரணைக் கைதிகளும் இதில் சேர்த்தி. அவர்களில் தப்பு செய்தவர்கள் இருப்பார்கள், ஏமாந்தவர்களும் இருப்பார்கள். எப்படியானாலும் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு வீடு இருக்கிறது. வாசலைப் பார்த்தபடி ஒரு தாயோ மனைவியோ இருக்கிறாள்.

பரிசாக வந்த பிரயாணம்

மும்பையைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அப்போது பத்திரிகைகளில் விவரமாக வந்த சம்பவம் இது.

உறவினர் ஒருவர் கல்யாணப் பரிசு என்று சொல்லி, எல்லாச் செலவும் தாமே ஏற்று, இருவரையும் கத்தார் நாட்டுக்கு அனுப்பி வைத்தார். அந்தப் பெண் அப்போது கர்ப்பிணி. கிளம்பும் சமயத்தில் ஒரு பொட்டலத்தையும் கொடுத்து, உள்ளே இருப்பது புகையிலை, அங்கே தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர் கொடுத்ததை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

2019-ஆம் வருஷம் ஜூலை மாதம் தோஹா விமான நிலையத்தில் அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது சுமார் 4 கிலோ ஹாஷிஷ். கஞ்சாச் செடியின் பிசினிலிருந்து எடுக்கிற போதைப் பொருள் அது. இருவரும் கைதானார்கள். ஆளுக்கு 10 வருஷம் சிறை என்று தீர்ப்பாயிற்று. அப்பீல் செய்தும் பலிக்கவில்லை. 2020 பிப்ரவரியில், கைதியாக இருந்தபடியே அந்தப் பெண் குழந்தை பெற்றாள். தலைப்பிரசவத்தில் பக்கத்தில் தாய் இல்லை. பத்தியச் சாப்பாடு இல்லை. பிறந்த சிசுவும் சிறைக்குள்ளேதான் வளர்ந்தது.

ஊரிலிருந்த குடும்பத்தார் அழுதுகொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. கணவன் வீட்டில் விட்டுப் போயிருந்த ஒரு போனில், பொட்டலத்தைப் பற்றி அந்த உறவினரோடு நடந்த பேச்சு பதிவாகி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவிடம் போய் முறையிட்டார்கள். அந்த அதிகாரிகள் இங்கே விசாரித்தார்கள். தம்பதி ஏமாற்றப்பட்டவர்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த ஆதாரங்கள் நம் வெளியுறவு அமைச்சகம், தோஹாவிலுள்ள தூதரகம் வழியாகக் கத்தார் அரசுக்குப் போயின. 2021 ஜனவரியில் அந்நாட்டு மேல் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மார்ச் மாதம் விடுதலை. ஏப்ரலில், ஒரு வயது தாண்டிய குழந்தையோடு ஊர் வந்து சேர்ந்தார்கள்.

கவனியுங்கள், யாரும் ஒரே போனில் அவர்களைக் கொண்டு வந்துவிடவில்லை. கிட்டத்தட்ட 21 மாதம் ஆயிற்று. ஆனால், "செய்தவன் அனுபவிக்கட்டும்" என்று குடும்பமும் அரசும் கையைக் கழுவியிருந்தால் அந்தக் குழந்தை இன்னும் எத்தனை வருஷம் அங்கே இருந்திருக்குமோ!

"தெரியாது" என்றால் போதுமா?

கத்தார் சட்டம் ரொம்பக் கொடுமை என்று சிலருக்குத் தோன்றும். நம் வீட்டுக் கதையையும் பார்க்க வேண்டுமே. 1985-ஆம் வருஷத்து நம் போதைப்பொருள் சட்டப்படி, ஹாஷிஷ் 1 கிலோவுக்கு மேல் பிடிபட்டால் வியாபார அளவு என்று கணக்கு. அதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 வருஷம். போதாக்குறைக்கு, பொருள் இவர் கைக்குத் தெரிந்தேதான் வந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியாது" என்பதைப் பிடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும்.

நம் சென்னை விமான நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரர் 4 கிலோவோடு பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நாட்டுத் தூதர் வந்து "இவர் நல்லவர், விட்டுவிடுங்கள்" என்றால் நாம் சம்மதிப்போமா? "எங்க ஊர்ச் சட்டம் உங்களுக்கு விளையாட்டா?" என்று கேட்க மாட்டோமா? அதே ரோஷம் மற்ற நாட்டாருக்கும் உண்டு. இன்னொருவர் வீட்டுக்குப் போனால் அந்த வீட்டுப் பழக்கத்துக்கு அடங்கித்தான் இருக்க வேண்டும். இது நம் பங்கு.

அரசாங்கத்தின் பங்கு

அப்படியானால் அரசாங்கத்துக்கு என்ன வேலை? 1963-ஆம் வருஷம் வியன்னா நகரில் தூதரகங்களைப் பற்றி நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அதில் 36-வது விதி, கைதாகும் அந்நியரைப் பற்றியது. உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும் உரிமை உனக்கு உண்டு என்று கைதானவரிடம் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குத் தகவல் தர வேண்டும். தூதரக அதிகாரி அவரை நேரில் பார்க்கலாம், பேசலாம், வக்கீலுக்கு ஏற்பாடு செய்யலாம். இவ்வளவுதான் விதி. பூட்டைத் திறக்கும் அதிகாரம் அதில் கிடையாது.

இந்த விதி எதுவரை போகும் என்பதற்குக் குல்பூஷண் ஜாதவ் வழக்கு ஓர் உதாரணம். முன்னாள் கடற்படை அதிகாரியான அவரை உளவாளி என்று சொல்லி 2017-இல் பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. நம் தூதரகத்தார் அவரைப் பார்க்க விடவில்லை. இந்தியா ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2019 ஜூலை 17-ஆம் தேதி தீர்ப்பு வந்தது: பாகிஸ்தான் ஒப்பந்தத்தை மீறிவிட்டது, தூதரகத்தார் சந்திக்க வழி செய்ய வேண்டும், தண்டனையைத் திரும்பப் பரிசீலிக்க வேண்டும். விடுதலை செய் என்று மட்டும் அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய குற்றம் சாட்டினாலும் ஒரு மனிதனைத் தன்னந்தனியாக விடக்கூடாது என்பதே அதன் சாரம்.

"குற்றவாளிக்கெல்லாம் நம் வரிப்பணத்தில் உதவணுமா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். 2019 ஜூலையில் அந்த மும்பைத் தம்பதி, பார்க்கிறவர் கண்ணுக்குக் கடத்தல்காரர்களாகத்தான் இருந்தார்கள். பெட்டி அவர்களுடையது, பொருள் அதற்குள் இருந்தது. நிரபராதிகள் என்பது, கூட நின்று உதவிய பிறகுதான் வெளியே வந்தது. நல்லவருக்கு மட்டும் உதவுவோம் என்று அரசு சொன்னால், யார் நல்லவர் என்று தெரியவே வழியில்லாமல் போகும். டாக்டர் வைத்தியம் பார்ப்பதற்கு முன்னால், வியாதி எப்படி வந்தது என்று நியாயம் விசாரிப்பதில்லையே!

தண்டனை நிச்சயமான பிறகும் அரசுக்கு வேலை உண்டு. 2003-ஆம் வருஷம் கைதிகளைத் தாய்நாட்டுக்கு மாற்றும் சட்டம் வந்திருக்கிறது. ஒப்பந்தம் உள்ள நாடாக இருந்து, வழக்கு முழுதும் முடிந்து, கைதியும் இரு அரசுகளும் சம்மதித்தால், மீதித் தண்டனையை நம் ஊர்ச் சிறையில் கழிக்கலாம். சிறைதான் என்றாலும், தாய் போய்ப் பார்க்கலாம். அதுவே பெரிய ஆறுதல்.

பெட்டி கட்டும்போது

என் மகள் துபாயில் இருக்கிறாள். அவள் பிரசவத்துக்கு நான் கிளம்பினபோது, பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்கென்று துணியில் வைத்துத் தைத்த ஒரு பொட்டலம் கொண்டு வந்தார். "அக்கா, பிரிச்சுப் பார்த்துதான் எடுத்துக்குவேன்" என்றேன். "என்னையே சந்தேகப்படறியா?" என்று முகம் சுண்டிப் போயிற்று. பிரித்தோம். வடகம், சாம்பார்ப் பொடி, அதோடு குருமாவுக்கென்று கசகசா.

நம் அஞ்சறைப் பெட்டிச் சாமானான இந்தக் கசகசா, அபின் செடியின் விதை. ஐக்கிய அரபு நாட்டிலும் சிங்கப்பூரிலும் அதைக் கொண்டு போகத் தடை. அக்காவுக்கு அது தெரியாது. அவர் மேல் குற்றமில்லை. ஆனால் சுங்க அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான். கசகசாவை எடுத்துவிட்டு மற்றதைக் கொண்டு போனேன். அக்கா ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. அது பரவாயில்லை, பேச்சு திரும்பி வந்துவிட்டது.

மருந்தும் அப்படியே. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண் 2017-இல் எகிப்துக்கு 290 டிரமடால் வலி மாத்திரை கொண்டு போய்ப் பிடிபட்டார். தெரிந்தவரின் முதுகுவலிக்காக என்று சொல்லியும் 3 வருஷத் தண்டனை கிடைத்தது. டிரமடால், இருமல் மருந்துகளில் சிலவற்றில் இருக்கும் கோடீன், தூக்க மாத்திரை ஆகியவற்றில் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். போகும் நாட்டில் முன் அனுமதி தேவையா என்று விசாரிக்க வேண்டும். டாக்டர் சீட்டு கூடவே இருக்கட்டும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டாமல், அட்டையோடு கொண்டு போவது நல்லது.

மற்றவர் கட்டிக் கொடுத்த பெட்டி, தைத்து மூடிய பொட்டலம், யாரோ ஏர்போர்ட்டில் "கொஞ்சம் பிடியுங்கள்" என்று நீட்டும் பை எதுவும் வேண்டாம். தாட்சண்யம் பார்த்தால் ஆபத்து.

அப்படி ஒரு போன் வந்தால்

ஒருவேளை நம் வீட்டுக்கே அந்தத் தகவல் வந்தால்? முதலில் எந்த ஊர், எந்தப் போலீஸ் ஸ்டேஷன், என்ன குற்றச்சாட்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் இவற்றின் நகல் எப்போதும் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். பொட்டலம் கொடுத்தவர், டிக்கெட் எடுத்தவர் பற்றிய கடிதம், செய்தி, போன் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். மும்பைக் குடும்பத்துக்குக் கைகொடுத்தது அதுதான்.

அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு உடனே எழுத வேண்டும். 2015-இல் தொடங்கிய 'மதத்' என்ற அரசு இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். பிள்ளைகள் யாராவது பதிந்து தருவார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைகளுக்கு, 2009-இல் ஏற்படுத்திய இந்திய சமூக நல நிதியிலிருந்து தூதரகம் உதவ இடமுண்டு. "இத்தனை லட்சம் கொடு, வெளியே எடுக்கிறேன்" என்று வருகிற தரகரிடம் நகையை விற்றுக் கொடுத்துவிடாதீர்கள்.

வெளிநாடு கிளம்பும் பிள்ளைகளுக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள்: "என் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்." இதைக் கைதானவரே வாய்விட்டுக் கேட்க வேண்டும். பல நாடுகளில் கைதி சம்மதிக்காவிட்டால் அவர் பெயரைக்கூட நம் அரசுக்குச் சொல்ல மாட்டார்கள். அவமானத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால், உதவ நினைப்பவருக்கும் வழி அடைபட்டுப் போகும். புரியாத பாஷையில் எழுதிய காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரசாங்கத்தாரிடமும் ஒரு கோரிக்கை. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறீர்கள், நல்லது. பேரப் பிள்ளையைப் பார்க்கக் கிளம்பும் பாட்டிமாருக்கும் தேனிலவு போகும் சின்னஞ்சிறுசுகளுக்கும் யார் சொல்வது? பாஸ்போர்ட் கொடுக்கும்போதே, எந்த நாட்டில் எதற்குத் தடை, கைதானால் என்ன கேட்க வேண்டும் என்று தமிழில் ஒரு சீட்டு அச்சடித்துக் கொடுக்கக் கூடாதா? நம்மவர் கைதானது தெரிந்தால் இத்தனை நாளுக்குள் ஓர் அதிகாரி நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாக வைத்து, பார்த்த விவரத்தை வீட்டாருக்கும் தெரிவித்தால், எத்தனை தாய்மார் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்!

பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம் கடமை. பெட்டிக்கு உடையவரைப் போய்ப் பார்ப்பது அரசின் கடமை. நாம் தவறினாலும் அரசு தவறக் கூடாது. அரசு இருக்கிறதே என்று நாமும் அசந்துவிடக் கூடாது.