எரிந்து எரிந்து எழுந்த பேராலயம்

கல் பேசும் ஊர்கள் – 12

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான பயணம். தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அடுக்குமாடி வீடுகள் பின்தங்கியதும் போஸ் சமவெளி விரிகிறது. பிரான்சின் கோதுமைக் களஞ்சியம் என்று பெயர் வாங்கிய மண் அது. ஊர் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே, வயல்களுக்கு மேலே இரண்டு கோபுரங்கள் தலைகாட்டிவிடும். அதுதான் ஷார்த்ர்.

இரண்டு கோபுரங்களும் ஒன்றுக்கொன்று ஒட்டவே ஒட்டாத ஜோடி. தெற்குக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அலங்காரம் ஏதுமின்றி சுமார் 105 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும்பி நிற்கிறது. வடக்குக் கோபுரத்தின் மர உச்சி 1506இல் இடி விழுந்து எரிந்தது. அதற்குப் பதிலாக ழான் தெ போஸ் என்ற சிற்பி 1513க்குள் கல்லிலேயே புது உச்சி எழுப்பினார். மூன்றரை நூற்றாண்டு கழித்து வந்தவர் பழைய கோபுரத்தைப் பார்த்து நகலெடுக்கவில்லை. தம் காலத்துப் பாணியில் நுணுக்கமான கல் வேலைப்பாட்டை இழைத்து, 113 மீட்டர் வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இதை இன்று யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஷார்த்ரின் அடையாளமே இந்தப் பொருந்தாமைதான்.

தீ இந்தப் பேராலயத்தின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் பாத்திரம். அதன் பெரிய வரவு 1194 ஜூன் 10 அன்று நிகழ்ந்தது. மேற்கு முகப்பும் கோபுரங்களும் நிலவறையும் தவிர ஏறக்குறைய எல்லாம் சாம்பல். கட்டடம் போனதைவிட வேறொன்று போய்விட்டதாக நினைத்ததே ஊராரை உலுக்கியது. இயேசுவைப் பெற்றபோது மரியாள் அணிந்திருந்ததாக நம்பப்பட்ட ஆடை அங்கே இருந்தது. 876இல் சார்லஸ் என்ற அரசர் கொடுத்த அந்தத் துணியை நம்பித்தான் யாத்ரீகர்கள் வந்தார்கள். யாத்ரீகர்களை நம்பித்தான் ஊரின் சந்தைகள் நடந்தன. மூன்றாம் நாள், ஆடைப் பேழையோடு நிலவறையில் அடைந்துகிடந்த குருமார்கள் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த நேரம் ஊரில் இருந்த போப்பின் தூதர், இன்னும் பெரிய ஆலயம் வேண்டும் என்று மாதாவே விரும்பித்தான் பழையதை எரியவிட்டார் என்று கூட்டத்தினரிடம் பேசியதாக அக்காலத்து லத்தீன் நூல் ஒன்று சொல்கிறது.

பேச்சு வேலை செய்தது. அரசர், பிரபுக்கள், குருமார்கள், வணிகர்கள் என எல்லாப் பக்கமிருந்தும் பணம் வந்தது. சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த பெர்ஷேர் குவாரியிலிருந்து கல் வந்தது. 1220 வாக்கில், அதாவது ஒரு தலைமுறைக்குள், மேல்வளைவுக் கூரை வரை வேலை முடிந்துவிட்டது. நூறு, இருநூறு ஆண்டுகள் இழுத்தடித்துக் கட்டப்பட்ட ஆலயங்கள் நிறைந்த அந்தக் காலத்தில் இது அசுர வேகம். 1260இல் ஒன்பதாம் லூயி அரசரின் முன்னிலையில் அர்ச்சிப்பு நடந்தது.

சுவருக்கு விடுதலை

உள்ளே நுழையும் பயணியின் தலை தானாக மேலே போகும். கூரை 37 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் கவனிக்க வேண்டியது உயரத்தை அல்ல, சுவர் எங்கே போயிற்று என்பதை. அதுவரை பெரிய ஆலயங்கள் கூரையின் பாரத்தைத் தாங்கத் தடித்த சுவர்களையும், பக்கக் கூடங்களுக்கு மேலே இன்னொரு மாடிக் கூடத்தையும் நம்பியிருந்தன. ஷார்த்ரின் கட்டுநர்கள் அந்த மாடியைத் தூக்கிவிட்டார்கள். பக்கவாட்டில் தள்ளும் பாரத்தை, வெளியே அரைவில்லாகப் பாய்ந்து நிற்கும் கல் முட்டுகள் வாங்கிக்கொண்டன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போலக் குட்டித் தூண்கள் இணைத்த அந்த முட்டுகளை, ஆலயத்தைச் சுற்றி வெளியே நடந்தால் நன்றாகப் பார்க்கலாம். உள்ளே சுவர் சும்மா ஆனது. சும்மா ஆன சுவரைத் திறந்துவிட்டுக் கண்ணாடி பதித்தார்கள். கீழ்வரிசை வளைவுகள் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்துக்கு மேலே சாளரங்கள் எழும்பின.

176 சாளரங்கள், சுமார் 2,600 சதுர மீட்டர் வண்ணக் கண்ணாடி. பெரும்பகுதி 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்துக் கண்ணாடி இவ்வளவு முழுமையாக ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடங்கள் உலகில் மிகக் குறைவு. மேற்குச் சுவரின் மூன்று நெடுஞ்சாளரங்கள் அவற்றுக்கும் மூத்தவை. 1150ஐ ஒட்டிச் செய்யப்பட்டு, 1194 தீயிலிருந்து தப்பியவை. கோபால்ட் கலந்த அவற்றின் நீலம் 'ஷார்த்ர் நீலம்' என்றே உலகப் புகழ் பெற்றது. தீயில் தப்பிய இன்னொருத்தி, 'அழகிய சாளரத்து அன்னை' என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைக்கும் மரியாள். 1180 வாக்கில் செய்த நான்கு பலகைகளைச் சாம்பலிலிருந்து மீட்டு, புதிய சாளரத்தின் நடுவில் பதித்து, சுற்றிலும் தேவதூதர்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

சாளரங்களின் அடிப்பகுதிதான் சுவாரசியம். ரொட்டி சுடுபவர், தோல் செருப்பு தைப்பவர், கம்பளித்தோல் விற்பவர், தச்சர், நாணயம் மாற்றுபவர் எல்லோரும் தங்கள் தொழிலைச் செய்துகொண்டே கண்ணாடியில் இருக்கிறார்கள். நோவா பேழை கட்டும் கதைக்குக் கீழே தச்சர்களும் பீப்பாய் செய்பவர்களும். நல்ல சமாரியன் கதைக்குக் கீழே செருப்புத் தொழிலாளர்கள். தொழிலாளர்கள் பக்தியோடு காசு சேர்த்துக் கொடுத்த உபயம் என்றே வெகுகாலம் விளக்கப்பட்டது. கலை வரலாற்றாளர் ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் 1993இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதைக் கேள்விக்கு உள்ளாக்கினார். குருமார் சபைக்கும் ஊராருக்கும் வரிக்காகவும் அதிகாரத்துக்காகவும் சண்டை நடந்துகொண்டிருந்த ஊர் இது. 1210இல் சபைத் தலைவரின் வீட்டையே ஒரு கூட்டம் தாக்கியது. அப்படியிருக்க, பணிவாக உழைக்கும் தொழிலாளி என்ற படம் யார் விரும்பிய படம்? குருமார்கள் பார்க்க விரும்பிய ஊர் அது என்பது அவர் வாதம்.

தெற்கு வட்டச் சாளரத்தின் கீழே இன்னொரு விசித்திரம். நற்செய்தி எழுதிய நால்வரும் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் நால்வரின் தோள்மேல், அப்பாவின் தோளில் ஏறிய பிள்ளைகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னோரின் தோளில் நிற்பதால்தான் தூரம் தெரிகிறது என்ற கருத்து நியூட்டனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைச் சொன்னவராக அறியப்படுபவர் இதே ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்திய பெர்னார்ட். அந்தப் பள்ளியின் பெருமை மேற்கு வாசலிலும் இருக்கிறது. வலதுபக்கக் கதவுக்கு மேலே, அக்காலப் பள்ளிகள் கற்பித்த ஏழு கலைகளும் பெண் உருவங்களாக நிற்க, அரிஸ்டாட்டிலும் பித்தகோரஸும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இலக்கணம் என்ற அம்மையார் கையில் பிரம்பு. அவர் காலடியில் இரண்டு மாணவர்கள்.

குண்டுக்கும் தப்பியது

பிரெஞ்சுப் புரட்சியில் கூரையின் ஈயம் உரித்தெடுக்கப்பட்டது. புனித ஆடை துண்டு துண்டானது. எஞ்சிய பகுதி இன்றும் ஆலயத்தில் இருக்கிறது. ஆலயத்தையே இடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது, இடிபாடு தெருக்களை அடைத்துக்கொள்ளும், அள்ளவே ஆண்டுக்கணக்காகும் என்று கட்டடக்காரர் ஒருவர் சொல்லித் தடுத்ததாக ஊரில் ஒரு கதை உண்டு.

1836இல் மீண்டும் தீ. 'காடு' என்று பெயர் பெற்றிருந்த ஓக் மரக் கூரைச்சட்டம் முழுவதும் எரிந்தது. கல் வளைவுகள் தாங்கிக்கொண்டன. 2019இல் எரிந்த பாரிஸ் நோத்ர்-தாமின் கூரையை மறுபடியும் ஓக் மரத்திலேயே கட்டி 2024 டிசம்பரில் திறந்த கதை சென்ற வாரம் வந்தது. ஷார்த்ர்க்காரர்கள் நேர்மாறாக முடிவெடுத்தார்கள்: 19ஆம் நூற்றாண்டின் புதுத் தொழில்நுட்பமான இரும்புச் சட்டம், மேலே செம்புத் தகடு. தூரத்திலிருந்து தெரியும் அந்த வெளிர்பச்சைக் கூரை, களிம்பு ஏறிய செம்புதான்.

1939இல் போர் நெருங்கியபோது சாளரங்களைப் பலகை பலகையாகக் கழற்றிப் பெட்டிகளில் அடைத்தார்கள். பின்னர் அவை தென்மேற்கே தோர்தோன் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன. கண்ணாடி பிழைத்தது, கட்டடம்? 1944 ஆகஸ்டில் அமெரிக்கப் படை ஊரை நெருங்கியது. கோபுரத்தில் ஜெர்மானியர்கள் இருந்து வேவு பார்ப்பதாகச் சந்தேகம் எழுந்தது. பீரங்கியால் தாக்கவேண்டியதுதான் என்ற நிலை. வெல்போர்ன் கிரிஃபித் என்ற கர்னல், தானே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினார். ஆலயத்துக்குள் தேடினார், யாருமில்லை. அந்தத் தகவலால் தாக்குதல் கைவிடப்பட்டது. அதே நாள், ஆகஸ்ட் 16 அன்று, பக்கத்து ஊரான லேவில் நடந்த சண்டையில் கிரிஃபித் கொல்லப்பட்டார்.

அழுக்கா, அழகா?

அண்மைச் சண்டை குண்டுகளால் அல்ல, சுண்ணாம்பால் வந்தது. மெழுகுவத்திப் புகையும் தீயும் தூசும் சேர்ந்து ஆலயத்தின் உட்புறம் பல நூற்றாண்டுகளாகக் கறுத்துக் கிடந்தது. அந்த இருட்டில் சாளரங்கள் மட்டும் ஒளிர்வதைக் கண்டு மயங்கியவர்கள் ஏராளம். 2009இல் பெரிய அளவில் தொடங்கிய சீரமைப்புப் பணியில் கரியை நீக்கியபோது, அடியில் 13ஆம் நூற்றாண்டின் வெளிர்மஞ்சள் பூச்சும், அதன்மேல் கல் இணைப்புகள்போல வரைந்த வெள்ளைக் கோடுகளும் பெரும்பகுதி அப்படியே இருப்பது தெரிந்தது. அதைத் துலக்கி, விட்டுப்போன இடங்களைப் பூசி நிரப்பினார்கள். கறுப்பு முகத்தோடு வணங்கப்பட்டுவந்த 'தூண் மாதா' சிலை வெள்ளை முகத்தோடு வெளிப்பட்டது.

அமெரிக்கக் கட்டடக்கலை விமர்சகர் மார்ட்டின் ஃபில்லர் 2014இல் இதை அவமானம் என்று எழுதினார். இடைக்கால கலை ஆய்வாளர்கள் சிலர் பதிலுக்கு எழுந்தார்கள்: கட்டியவர்கள் கண்டது வெளிச்சமான ஆலயத்தை, நீங்கள் காதலித்தது பின்னால் வந்து படிந்த கரியை. இரு தரப்பும் இன்றுவரை சமாதானமாகவில்லை. ஆனால் பூச்சு கிடைத்த பிறகு கரியைக் காப்பாற்றச் சொல்வது கடினம். வடக்குக் கோபுரத்தைத் தன் பாணியில் கட்டிய ழான் தெ போஸிலிருந்து இரும்புக் கூரை போட்டவர்கள் வரை, ஒவ்வொரு தலைமுறையும் கைவைத்த கட்டடம் இது. எந்த நூற்றாண்டோடு நிறுத்திக்கொள்வது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விடை இல்லை.

போகிறவர்களுக்கு

ஆலயத்துக்குள் நுழையக் கட்டணமில்லை. கோபுரம் ஏறவும் நிலவறை பார்க்கவும் சீட்டு வாங்க வேண்டும். தொலைநோக்கி ஒன்றைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். மேல்வரிசைச் சாளரங்கள் வெறுங்கண்ணுக்கு வண்ணமாகத் தெரியுமே தவிரக் கதையாகத் தெரியா. பெரும்பாலான கதைச் சாளரங்களைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். 1958இல் இங்கே ஆங்கிலத்தில் வழிகாட்டத் தொடங்கிய மால்கம் மில்லர், அறுபது ஆண்டுகளுக்கும் மேல் அதையே செய்தார். எல்லாவற்றையும் ஒரே நடையில் காட்டிவிட முடியாது என்பதால், சில சாளரங்களை மட்டும் எடுத்து விளக்குவது அவர் வழக்கம். சுற்றுலாப் பயணிக்கும் அதுவே நல்ல வழி.

தரையில் சுமார் 13 மீட்டர் குறுக்களவில் பதித்த சுழல்பாதை ஒன்று உண்டு. வளைந்து வளைந்து நடந்தால் ஏறக்குறைய 260 மீட்டர். மற்ற நாட்களில் அதன்மேல் நாற்காலிகள் கிடக்கும். தவக்காலம் தொடங்கி நவம்பர் 1ஆம் தேதி புனிதர் திருநாள் வரை, வெள்ளிக்கிழமைகளில் நாற்காலிகளை ஒதுக்கிவைப்பார்கள். பயணத்தை அந்த நாளில் வைத்துக்கொண்டால் நடந்தும் பார்க்கலாம்.

பிரெஞ்சு அரசர்கள் வழக்கமாக முடிசூடிய இடம் ரேன்ஸ். அந்த ஊர் எதிரணியின் கையில் இருந்ததால், நான்காம் ஹென்றி 1594 பிப்ரவரி 27 அன்று ஷார்த்ரில்தான் முடிசூட வேண்டியிருந்தது. அவர் போக முடியாத அந்த ரேன்ஸுக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)