நாள் குறித்தார்கள், நாள் கடந்தது!

உலக முடிவுக்குக் கணக்குப் போட்டவர்களின் கதை

1844-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பல்லாயிரம் பேர் அன்று வேலைக்குப் போகவில்லை. வீடுகளிலும் ஜெபக் கூடங்களிலும் கூடி ஜெபித்துக்கொண்டு இருந்தார்கள். சிலர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார்கள். சிலர் விளைந்து கிடந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டிருந்தார்கள். கடன் கொடுத்தவர்களைத் தேடிப்போய்ப் பாக்கியைத் தீர்த்தவர்கள் உண்டு. பகையாளியின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டவர்களும் உண்டு.

அன்று ஏசு கிறிஸ்து வானத்தில் இருந்து திரும்பி வருவார், இந்த உலகத்தின் கதை அத்தோடு முடியும் என்பது அவர்களின் நம்பிக்கை.

பொழுது சாய்ந்தது. நள்ளிரவு ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் சூரியன் உதித்தது. பலர் விடியும் வரை அழுதார்கள். "பெரும் ஏமாற்றம்" என்றே அந்த நாளுக்குச் சரித்திரத்தில் பெயர் வந்துவிட்டது.

இவ்வளவு பேரை நம்ப வைத்தவர் மந்திரவாதி அல்ல, மோசடிக்காரரும் அல்ல. ஒரு விவசாயி. அவர் பெயர் வில்லியம் மில்லர்.

விவசாயி போட்ட கணக்கு

மில்லர் 1782-ல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில் லோ ஹாம்ப்டன் என்ற சிற்றூரில் நிலம் வைத்துப் பயிர் செய்தார். 1812-ல் இங்கிலாந்துடன் மூண்ட போரில் படையில் சேர்ந்து, கேப்டனாக இருந்தார். இளமையில் பைபிளை நம்பாதவர். போருக்குப் பிறகு மனம் மாறி, 1816-ல் பாப்டிஸ்டு சபையில் பக்தியுடன் ஈடுபட்டார்.

பழைய நண்பர்கள் பைபிளைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பதில் தேட வேண்டும் என்று, பைபிளையும் ஒரு சொல்லகராதியையும் வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் வரிவரியாகப் படித்தார். தானியேல் புத்தகத்தின் 8-ம் அதிகாரத்தில் அவர் பார்வை நிலைத்தது. 2,300 இராப்பகல் சென்றபின் பரிசுத்த ஸ்தலம் சுத்திகரிக்கப்படும் என்ற கருத்து அங்கே வருகிறது.

மில்லர் போட்ட கணக்கு இதுதான்:

தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்பது ஓர் ஆண்டு. ஆகவே 2,300 நாள் என்பது 2,300 ஆண்டு. எந்த ஆண்டில் இருந்து எண்ணுவது? எருசலேமைச் சீர்ப்படுத்த எஸ்றாவுக்குப் பாரசீக மன்னன் அர்தசஷ்டா கட்டளை கொடுத்த கி.மு. 457-ல் இருந்து எண்ண வேண்டும். 2,300-ல் 457 போனால் மீதி 1,843. பரிசுத்த ஸ்தலம் என்பது இந்தப் பூமி. அதைச் சுத்திகரிக்கக் கிறிஸ்து வருவது 1843-ம் ஆண்டு!

கழித்தலில் பிழை இல்லை. ஆனால் ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கொள்வதும், எண்ணத் தொடங்கிய ஆண்டும், ஸ்தலம் என்பது பூமி என்பதும் அவராக வைத்துக்கொண்டவை. அந்த 2,300 நாளும் கி.மு. 2-ம் நூற்றாண்டில் அந்தியோகஸ் மன்னன் எருசலேம் கோவிலைத் தீட்டுப்படுத்திய காலத்தைத்தான் குறிக்கும் என்று அப்போதே பலர் மறுத்தார்கள்.

மில்லர் அவசரக்காரர் அல்ல. 1818-ல் முடிவுக்கு வந்தவர், 1831 வரை மேடை ஏறவில்லை. ஏறிய பிறகு நிலைமை மாறியது. பாஸ்டன் நகரப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் அவருடன் சேர்ந்தார். 1840-ல் பத்திரிகை தொடங்கினார். சுமார் 4 ஆயிரம் பேர் அமரக்கூடிய பெரிய கூடாரம் ஊர் ஊராகப் போயிற்று. கணக்கை விளக்கும் படங்கள் துணியில் அச்சாகித் தொங்கின. 1837-ல் அமெரிக்காவில் பாங்குகள் முறிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம் அது. "விடிவு வருகிறது" என்ற சொல் துன்பப்பட்டவர்களின் காதில் இனிமையாக விழுந்தது. மில்லரை நம்பியவர்கள் 50 ஆயிரம் முதல் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது சரித்திர ஆசிரியர்களின் மதிப்பீடு.

விட்டுப்போன ஓர் ஆண்டு

1843 மார்ச் 21-க்கும் 1844 மார்ச் 21-க்கும் இடையே கிறிஸ்து வருவார் என்று மில்லர் அறிவித்தார். அந்தக் கெடு கடந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது கணக்கில் ஒரு நுட்பம் பேசப்பட்டது. கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் பூஜ்யம் என்ற ஆண்டு கிடையாது. ஆகவே கி.மு. 457-ன் பிற்பகுதியில் இருந்து எண்ணினால், 2,300 ஆண்டு நிறைவது 1844-ன் பிற்பகுதியில்தான்!

அந்த ஆகஸ்டு மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் நடந்த கூடார ஆராதனையில் சாமுவேல் ஸ்நோ என்பவர் இன்னும் ஒரு படி போனார். யூதர்களின் பாவநிவிர்த்தி நாள் ஏழாம் மாதம் பத்தாம் தேதி. பழைய யூத முறை ஒன்றின்படி 1844-ல் அது அக்டோபர் 22-ந் தேதி என்றார். ஆண்டு மட்டும் சொன்ன இயக்கத்துக்கு இப்போது தேதியும் கிடைத்துவிட்டது. மில்லர் அதை உடனே ஏற்கவில்லை. அக்டோபர் மாதம் பிறந்த பிறகுதான் தலையசைத்தார்.

பிறகு நடந்தது மேலே கண்டது. வெள்ளை அங்கி உடுத்திக் கூரை மேல் ஏறி நின்றார்கள் என்ற கதையும் உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு. ஆனால் கேலிக்கு மட்டும் குறைவு இல்லை. "இன்னும் போகவில்லையா?" என்று தெருவில் கேட்டவர்கள் உண்டு. கூட்டம் நடந்த இடங்களைத் தாக்கியவர்களும் உண்டு. அறுவடையை விட்டவர்களுக்குக் குளிர்காலத்துக்குத் தானியம் இல்லை. அவர்களுக்கு உதவி திரட்டும் வேலையும் ஹைம்ஸ் மீது விழுந்தது.

நாளைக் குறித்ததில் தவறு நேர்ந்தது என்று மில்லர் ஒப்புக்கொண்டார். வருகை சமீபம் என்ற நம்பிக்கையை மட்டும் விடவில்லை. 1849-ல் காலமானார்.

அவர் பின்னால் வந்தவர்களில் பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். சிலர் பைபிளையே மூடி வைத்தார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும், "தேதி சரி, நடந்தது என்ன என்பதில்தான் தவறு, பரலோகத்தில் உள்ள பரிசுத்த ஸ்தலத்தில் கிறிஸ்து புதிய ஊழியத்தைத் தொடங்கினார்" என்று விளக்கம் கண்டது. 1863-ல் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்டு சபையாக அமைப்பு பெற்றது அந்தக் கூட்டம்தான். பெங்களூரில் லோரி பள்ளிக்கூடத்தையும், புனேயில் ஸ்பைசர் கல்லூரியையும் நிறுவியது இந்தச் சபையே. இன்று இந்தச் சபை வருகையை எதிர்பார்க்கிறது. தேதி குறிப்பது இல்லை.

கேரளத்தில் ஒரு தமிழர்

இது ஏதோ அமெரிக்கச் சங்கதி என்று தள்ளிவிட முடியாது. பழைய திருவிதாங்கூரில், ஒரு தமிழர் கையாலேயே இது நடந்திருக்கிறது.

தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர் ராமையன். கல்வியிலும் கவி பாடுவதிலும் வல்லவர். "வித்வான் குட்டி" என்று பெயர் பெற்றவர். 1861-ல் மாவேலிக்கரையில் ஞானஸ்நானம் பெற்று ஜஸ்டஸ் ஜோசப் ஆனார். பின்பு கருநாகப்பள்ளிக்கு அருகே கன்னேற்றியில் ஆங்கிலிக்கன் மிஷன் சபையின் போதகரானார்.

1870-களில் அந்தப் பக்கத்தில் பெரும் எழுப்புதல் எழுந்தது. அதன் நடுவே, 1881-ல் கிறிஸ்து வருவார் என்று அவர் அறிவித்தார். சுரியானி கிறிஸ்தவர்கள் பலரும் அவர் பின்னே போனார்கள். ஐந்தரை ஆண்டுக் கெடு என்பதால், "ஐந்தரை வேதக்காரர்கள்" என்ற பட்டப் பெயர் அவர்களுக்கு ஏற்பட்டது.

1881 வந்தது, போனது. கூட்டம் கலைந்தது. பெரும்பாலோர் தங்கள் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். கிறிஸ்து ஆவியில் வந்துவிட்டார் என்று கூறி, எஞ்சியவர்களைக் கொண்டு "யுயோமய சபை" என்ற புதிய சபையை நடத்தினார் ஜஸ்டஸ் ஜோசப்.

அவருடைய கணக்கு பொய்த்தது. அவர் மலையாளத்தில் இயற்றிய பக்திப் பாடல்களோ கேரளத்து ஆலயங்களில் இன்றும் ஒலிக்கின்றன!

ஒரே அதிகாரம், நான்கு கட்சி

ஒரே பைபிளைப் படிக்கும் கிறிஸ்தவர்களுக்குள் இந்த விஷயத்தில் ஏன் இத்தனை வேறுபாடு?

மத்தேயு சுவிசேஷத்தின் 24-ம் அதிகாரத்தில் விடை இருக்கிறது. கோவில் இடியும், யுத்தம் வரும், பஞ்சம் வரும் என்று அடையாளங்களைச் சொல்லும் ஏசு, அந்தத் தலைமுறை கழியும் முன் இவை நடக்கும் என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, அந்த நாளும் நேரமும் பிதா ஒருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றும் சொல்லுகிறார். அடையாளத்தைப் பார் என்பது ஒரு பக்கம். நாள் தெரியாது என்பது மறுபக்கம். இரண்டுக்கும் இடையே நடக்கிறது வழக்கு.

முதல் கட்சி, "இவற்றில் பெரும்பகுதி நிறைவேறிவிட்டது" என்கிறது. கி.பி. 70-ல் தீத்துவின் ரோமப் படை எருசலேம் கோவிலை இடித்ததே அதற்குச் சான்று என்பது இவர்கள் வாதம்.

இரண்டாவது கட்சிக்கு, தீர்க்கதரிசனம் சரித்திரம் நெடுகிலும் படிப்படியாக நிறைவேறி வருகிறது. மில்லர் இந்தக் கட்சி.

மூன்றாவது கட்சி, "முக்கியமானவை இனிமேல்தான்" என்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஜான் டார்பி பரப்பிய போதனை இது. விசுவாசிகள் முதலில் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு ஏழு ஆண்டு உபத்திரவ காலம் என்பது இதன் சாரம். எடுத்துக்கொள்ளப்படுவது உபத்திரவத்துக்கு முன்பா, நடுவிலா, பின்பா என்று இவர்களுக்குள்ளேயே மூன்று பிரிவு! நம் ஊர்ப் பிரதரன், பெந்தெகொஸ்தே சபைகளில் அதிகம் கேட்பது "முன்பு" என்ற போதனையே.

நான்காவது கட்சிக்கு மூலவர் 5-ம் நூற்றாண்டின் அகுஸ்தீன். ஆயிரம் ஆண்டு என்பது எண்ணிக்கை அல்ல, சபையின் காலம் முழுவதற்கும் ஓர் அடையாளம் என்றார். விரல் விட்டு ஆண்டுகளை எண்ணியவர்களை அப்போதே கண்டித்தார். கத்தோலிக்க சபையும் லுத்தரன் சபையும் பெரும்பாலும் இந்த வழியே. கிறிஸ்து வருவார் என்று அறிக்கை செய்வார்கள். எப்போது என்று சொல்லமாட்டார்கள்.

எந்தக் கட்சியாக இருந்தாலும், தேதி குறித்தவர்களின் கதி மட்டும் ஒன்றே. ஜெர்மனியில் லுத்தரின் நண்பரான போதகர் மிகாயேல் ஸ்டீபல், 1533 அக்டோபர் 19-ந் தேதி காலை 8 மணி என்று நேரமே குறித்தார். குடியானவர்கள் வயல் வேலையை விட்டுவிட்டு, இருந்ததைச் செலவழித்தார்கள். 8 மணி கடந்ததும் போதகரைக் காவலில் வைக்க நேர்ந்தது. அதே ஸ்டீபல் 1544-ல் வெளியிட்ட கணித நூல், கணித வரலாற்றில் மதிக்கப்படும் நூல். ஆக, கணக்கில் கெட்டிக்காரத்தனம் இங்கே காப்பாற்றவில்லை.

இழந்தது யார்?

அண்மைக் காலமும் இதற்கு விலக்கு அல்ல. தென் கொரியாவில் "தாமி மிஷன்" என்ற கூட்டம் 1992 அக்டோபர் 28-ந் தேதியைக் குறித்தது. நம்பியவர்களில் சிலர் வேலையை ராஜினாமா செய்தார்கள், வீட்டை விற்றார்கள், பிள்ளைகளின் படிப்பை நிறுத்தினார்கள். குறித்த நாளுக்கு முன்பே தலைவர் மோசடிக் குற்றச்சாட்டில் கைதானார். அவர் பெயரில் இருந்த முதலீட்டுப் பத்திரங்கள் முதிர்வு அடைவது 1993-ல் என்பது விசாரணையில் வெளிவந்தது. ஊருக்கு 1992-ல் முடிவு. தலைவருக்கு 1993-ல் வட்டி!

2011-ல் அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹரால்டு கேம்பிங் மே 21-ந் தேதி என்றார். அது பொய்க்கவே அக்டோபர் 21 என்றார். சேமிப்பை எல்லாம் விளம்பரத்துக்குக் கொடுத்த அன்பர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அவரே, நாள் குறித்தது பாவம் என்று ஒப்புக்கொண்டார்.

மில்லரும் ஸ்டீபலும் நேர்மையானவர்கள். கொரியத் தலைவர் அப்படி அல்ல. ஆனால் இரு இடத்திலும் இழந்தவர்கள் ஒரே வகை மனிதர்கள்: நிலத்தில் பாடுபட்டவர்கள், மாதச் சம்பளக்காரர்கள், சிறு கடைக்காரர்கள். விட்ட அறுவடை திரும்பவில்லை. ராஜினாமா கடிதமும் திரும்பவில்லை.

இதற்குப் பைபிளிலேயே முன்மாதிரி இருக்கிறது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்ற பேச்சு தெசலோனிக்கே சபையைக் கலக்கியது. அங்கே சிலர் வேலை செய்யாமல் திரிந்தார்கள். அப்போஸ்தலன் பவுல் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர் கூடாரம் செய்யும் தொழிலாளி. இரவும் பகலும் உழைத்துத் தன் கையால் சம்பாதித்துச் சாப்பிட்டவர். பதற வேண்டாம் என்றும், அமைதியாக வேலை செய்து சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள் என்றும், வேலை செய்ய மனம் இல்லாதவனுக்குச் சாப்பாடு இல்லை என்றும் கண்டிப்பாக எழுதினார். வருகையை அவர் மறுக்கவில்லை. வேலையை விடுவதைத்தான் மறுத்தார்.

ஏசு சொன்ன உவமையும் அதுவே. எஜமான் திடீரென்று வரும்போது, ஒப்படைத்த வேலையைச் செய்துகொண்டு இருக்கிறவனே பாக்கியவான். வாசலில் நின்று நாள் எண்ணிக்கொண்டு இருந்தவனுக்கு அங்கே பாராட்டு இல்லை.

தொழிற்சாலை வாசலிலோ ரயில் நிலையத்திலோ, தேதி போட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று நாளை கைக்கு வரலாம். படித்துப் பார்ப்பதில் தவறு இல்லை. ஆனால் ராஜினாமா கடிதம் எழுதும் முன், ஊருக்கு அனுப்பும் பணத்தை நிறுத்தும் முன், 1533, 1844, 1881, 1992, 2011 என்ற ஐந்து ஆண்டுகளை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். அந்தக் கணக்குக்கு விரல்களே போதும்.